‘மூன்று வாரத்தில் நிற்காவிட்டால் வாருங்கள்’

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது: கோவையிலிருந்து லண்டனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. விசாவோடு சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் வீதம் சுகாதாரக் கட்டணமும் கட்டிவிட்டுத்தான் வந்தீர்கள். இருமல் என்று ஜி.பி.யிடம் (இங்கே நாம் பதிந்துகொள்ளும் குடும்ப டாக்டர்) போனால் பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நிற்காவிட்டால் மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை. மனைவிக்கு ஐந்தாவது மாதம்; அவரை இதுவரை ஒரு டாக்டர்கூடப் பார்க்கவில்லை, மருத்துவச்சிதான் பார்க்கிறார். இவர்களை நம்பி உட்கார்ந்திருப்பதா, அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து மாத்திரை வரவழைத்துக்கொள்வதா?

நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். இதே கேள்வியை 2008-இல் எனக்குள்ளேயே கேட்டு, தவறான பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

எனக்கும் இருமல்தான். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வைரஸ் தொற்றாக இருக்கும் என்றார். “மூன்று வாரத்தில் நிற்காவிட்டால் மறுபடி வாருங்கள்” என்று சொல்லிக் கதவைக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, மருந்துச் சீட்டு இல்லை. விருதுநகரில் எங்கள் குடும்ப டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஊசி போடாமல் யாரையும் அனுப்பியதில்லை. வீட்டில் பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்காமலும் அனுப்பியதில்லை. அவரிடம் வளர்ந்தவனுக்கு இது வைத்தியமாகவே தெரியவில்லை. என்னைத் துரத்திவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் அம்மா கட்டிக் கொடுத்த மாத்திரைப் பை இருந்தது. அதில் லீவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஓர் அட்டை. ஐந்து நாள் போட்டேன், இருமல் தணிந்தது. “பார்த்தாயா?” என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் இருமல் திரும்பி வந்தது. ஊரிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி இன்னோர் அட்டை. இப்படியே நான்கு மாதம் ஓடியது. எடை ஏழு கிலோ இறங்கியது, இரவில் பனியன் பிழியும் அளவுக்கு வியர்த்தது. அப்போதும் நான் டாக்டரிடம் போகவில்லை. அவர்தான் ஒன்றும் செய்யமாட்டாரே!

கடைசியில் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இந்த முறை வேறொரு டாக்டர். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று போய், காசநோய் என்று முடிந்தது. காசநோய்ப் பிரிவு நர்ஸ், “இடையில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். காலி அட்டையை நீட்டியபோது அவர் திட்டவில்லை, நிதானமாக விளக்கினார். அந்த வகை ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். நோய் தீராது, அறிகுறி மட்டும் அடங்கும். பரிசோதனையில் கிருமி சிக்காமல் நழுவலாம். அதைவிட மோசம், அரைகுறையாக அடிபட்ட கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம். நல்லவேளையாக எனக்கு அப்படி ஆகவில்லை. ஆறு மாதம் மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து முதல் நாள் பதறியது தனிக் கதை. மருந்துக்கு ஒரு பென்னிகூட வாங்கவில்லை. எந்த விசாவில் இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், இந்த நாட்டில் காசநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். இரண்டு வயது மகளின் முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை.

அந்த முதல் டாக்டர்மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இங்குள்ள வைத்தியம் எப்படி ஓடுகிறது என்று புரிந்த பிறகுதான் அது தணிந்தது. இங்கே ஜி.பி.க்கு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே போலக் காலமும் ஒரு பரிசோதனைதான். இருமலோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வாரத்தில் தானாகவே போய்விடும். இருமல் போகாதவரைத்தான் அவர் தேடுகிறார். ஆகவே “நிற்காவிட்டால் வாருங்கள்” என்பதை வழியனுப்பும் மரியாதைப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். வைத்தியத்தில் பாதி அதுதான், அந்தப் பாதி நம் கையில் இருக்கிறது. டாக்டரை நம்பாதவன் திரும்பிப் போகமாட்டான். திரும்பிப் போகாதவனின் நோயை இந்த ஏற்பாட்டால் பிடிக்கவே முடியாது. அவர் மனத்தில் நான் குணமாகிவிட்டேன். என் மனத்தில் அவர் என்னைக் கைவிட்டுவிட்டார்.

ஊரில் நம் சந்தேகம் வேறு மாதிரி. காசுக்காகத் தேவையில்லாத டெஸ்ட் எழுதுகிறார்கள் என்போம். இங்கே வந்ததும் காசை மிச்சம் பிடிக்கத்தான் எழுத மறுக்கிறார்கள் என்கிறோம். இங்கே ஜி.பி. மருத்துவமனைக்குப் பெரும்பாலும் பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் அரசுப் பணம் வருகிறது. உங்களுக்கு ஊசி போட்டாலும் ஸ்கேன் எழுதினாலும் அவருக்குக் கமிஷன் கிடையாது. உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாதவர், ஆனால் நேரம் இல்லாதவர். எனவே சந்தேகப்படுவதென்றால் சரியான இடத்தில் படுங்கள்: அந்தப் பத்து நிமிடத்தில் நான் சொல்ல வேண்டியதெல்லாம் அவர் காதில் விழுந்ததா?

பெரும்பாலும் விழுவதில்லை, ஏனென்றால் நாம் சொல்வதில்லை. “லேசான இருமல்தான் டாக்டர்” என்று அடக்கமாகத் தொடங்கி, எழுந்து கதவருகே போனபின் “கொஞ்சம் எடையும் குறைந்திருக்கிறது” என்போம். எடையை முதலில் சொல்லுங்கள். எத்தனை நாளாக, இரவு வியர்வை உண்டா, சளியில் ரத்தம் உண்டா, இந்தியாவிலிருந்து வந்து எத்தனை மாதம், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிட்ட மாத்திரை, சூரணம், கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். கிளம்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை நாளில் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் நான் யாரிடம் வர வேண்டும்?

விசாவுக்காக எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அது அன்றைய நுரையீரலின் நிலை மட்டும். உறங்கிக் கிடக்கும் கிருமி, வந்த சில ஆண்டுகளில் விழித்துக்கொள்வது உண்டு. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சளி பிடித்த பின் விட்டுப்போகாத வெறும் இருமலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் மூன்று வாரம் தாண்டிவிட்டது. வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். இந்த வாரமே போக வேண்டும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சை அழுத்தும் வலி வந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 999. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் மருத்துவ ஆலோசனைக்கு 111.

முதலில் போனை எடுக்கும் ரிசப்ஷனிஸ்ட் என்ன பிரச்சினை என்று கேட்பார். வம்புக்குக் கேட்கிறார் என்று நான் பல ஆண்டுகள் எரிச்சலடைந்தேன். டாக்டரா, நர்ஸா, மருந்தாளரா, யாரிடம் அனுப்புவது என்று பிரிக்கத்தான் கேட்கிறார். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் மருந்துக்கடைக்காரரே தொண்டை வலி, பெண்களின் சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு சில்லறை நோய்களுக்கு, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, வைத்தியம் பார்க்கிறார். உங்கள் இருமல் அந்த ஏழில் வராது. அதற்கு ஜி.பி.தான்.

மனைவி விஷயத்தில் கவலை வேண்டாம். மருத்துவச்சி என்றதும் நம் ஊர்க் கிழவி நினைவுக்கு வருவதால்தான் இந்தத் தடுமாற்றம். இங்கே அவர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பதிவு பெற்றவர். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை முழுக்க அவரே பார்த்துக்கொள்வார், சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவார். வழக்கமான ஸ்கேன் இரண்டுதான், பன்னிரண்டாவது வாரத்தையும் இருபதாவது வாரத்தையும் ஒட்டி. மாதம் ஒரு ஸ்கேன் பார்த்துப் பழகிய நம் மாமியார்கள் இதை ஏற்கமாட்டார்கள்; சொல்லிப் புரியவைக்கும் பாடு உங்களுடையது. உங்கள் இருமலை மட்டும் மனைவி மருத்துவச்சியிடம் சொல்லிவைக்கட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. மான்செஸ்டர் பக்கத்து ஹைடு ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்று ஒரு ஜி.பி. இருந்தார். வீட்டுக்கே வந்து பார்ப்பார், முதியவர்களுக்கு அவர்மேல் உயிர். நம் மொழியில் சொன்னால் கைராசிக்காரர். 15 பேரைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, கொல்லப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல் என்றது. இன்று டாக்டர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவக் குழுவின் (ஜி.எம்.சி.) பதிவேட்டில் எந்த டாக்டர் பெயரையும் நீங்களே தேடிப் பார்க்கலாம். 2012 டிசம்பர் முதல், பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அவர்கள் தங்கள் தகுதியை மீண்டும் நிறுவியாக வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது நிலைமை மோசமாவதை யாரும் கவனிக்கவில்லை என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால், வேறொரு குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லும் ஏற்பாடும் 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2021-இல் பதின்மூன்று வயதில் இறந்த மார்த்தா மில்ஸ் என்ற சிறுமியின் பெற்றோர் போராடிப் பெற்றுத் தந்தது அது. உங்கள் ஜி.பி. பிடிக்கவில்லையா, அதே இடத்தில் வேறு டாக்டரைக் கேளுங்கள், இல்லையேல் வேறு இடத்தில் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பெரும்பாலும் கவனிக்கக்கூடமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் செய்யுங்கள், வரிசையில் காக்க வேண்டியிருக்கும். “சொன்னபடி காத்திருந்தேன், ஒரு மாதமாகியும் நிற்கவில்லை, திரும்பி வரச் சொல்லியிருந்தார்” என்று தொடங்குங்கள். அம்மா அனுப்பிய அட்டை வீட்டில் இருந்தால் இனி அதிலிருந்து ஒன்றும் போட வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்கட்டும், சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.