அப்பா பெயரில் அறக்கட்டளை: 48 லட்சத்துக்கு அது தேவையா?

கேள்வி: அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய நிலத்தை விற்றதில் வரி, பாகம் எல்லாம் போக, அண்ணன், நான், தம்பி மூவரும் ஆளுக்கு 16 லட்சம் வீதம் 48 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அப்பா பெயரில் அறக்கட்டளை தொடங்கி, ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவ ஆசை. வரியும் மிச்சமாகும் என்கிறார் அண்ணன். நம் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறான் தம்பி. கணவரை இழந்த எங்கள் தங்கையின் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கும் இதிலிருந்து கட்டணம் கட்ட முடியுமா? எனக்கு வியாபாரத்தில் ஆண்டுக்கு 15 லட்சம் வருமானம். மற்ற இருவருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.
— வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

பதில்: உதவியைத் தாராளமாகச் செய்யுங்கள். அறக்கட்டளையை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் அண்ணன் சொல்லும் வரி மிச்சம். அறக்கட்டளைக்கு நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை (2026 ஏப்ரலில் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறினாலும் எல்லோர் வாயிலும் இந்தப் பெயர்தான்) பழையது, புதியது என்ற இரண்டு வரி முறைகளில் பழையதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே உண்டு. அதிலும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடையில், உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள்; அதில் பாதியைத்தான் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிப்பார்கள். நீங்கள் 16 லட்சத்தை ஒரே ஆண்டில் கொடுத்தாலும் 1.5 லட்சம்தான் கணக்கில் வரும். கழிவு 75,000 ரூபாய். செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து மிச்சமாகும் வரி 23,400 ரூபாய். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. வேறு கழிவு இல்லாத 15 லட்சம் வருமானத்துக்கு, 2025-26 விகிதப்படி புதிய முறையில் மொத்த வரியே 1,09,200 ரூபாய்தான். பழைய முறையில் நன்கொடைக் கழிவு போன பிறகும் 2,49,600 ரூபாய் கட்ட வேண்டும். வரிக்காக அறக்கட்டளை என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

தம்பியின் யோசனையில் சட்டச் சிக்கல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தவருக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. பத்திரத்தில் பொதுவாக எழுதிவிட்டு நடைமுறையில் ஒரு சமூகத்துக்கே கொடுத்தாலும் அதே கதிதான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் என்று வகுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதே தெருவில், அதே வறுமையில், அதே மதிப்பெண்ணோடு நிற்கும் இன்னொரு பிள்ளையிடம் உங்கள் அப்பாவின் பெயரால் "உனக்கு இல்லை" என்று சொல்ல நேரும் என்பதையும் தம்பி யோசிக்க வேண்டும்.

தங்கை மகன் விஷயம் இன்னும் தெளிவு. அறக்கட்டளையை நிறுவியவர்கள், அறங்காவலர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்கள் ஆகியோருக்கு அதன் பணம் போகக் கூடாது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளும் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார்கள். அவனுக்குக் கட்டணம் கட்டினால் வரி விலக்குக்கே ஆபத்து. ஆனால் அவனுக்கு அறக்கட்டளை எதற்கு? தாய்மாமன்கள் மூவர் இருக்கிறீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கட்டுங்கள். தாய்மாமன் தரும் பணத்துக்கு மருமகன் வரி கட்ட வேண்டியதில்லை. தங்கையும் விண்ணப்பம் எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம். 48 லட்சத்தில் முதல் செலவாக அவன் படிப்பு முடியும் வரை ஆகும் தொகையை எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கணக்கு எளிதாக இருப்பதற்காக முழு 48 லட்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். அறக்கட்டளையின் மூலநிதியாக 7 சதவீத வட்டிக்கு அதை வைத்தால் ஆண்டுக்கு 3.36 லட்சம் வரும். ஆடிட்டர், தணிக்கை அறிக்கை, வருமான வரிப் பதிவு, அதன் புதுப்பிப்பு, கணக்கு எழுதும் ஆள் என்று ஆண்டுக்கு 50,000 போவதாக வைத்துக்கொண்டாலும், பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மூன்று லட்சத்துக்கும் கீழே. கல்லூரிக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். இந்தத் தொகை ஏறாது. அதே பணத்தை உங்கள் மூவர் பெயரிலேயே வைத்து, அசலையும் வட்டியையும் சேர்த்து 12 ஆண்டுகளில் கொடுத்துத் தீர்ப்பது என்று முடிவெடுங்கள். வட்டிக்கு நீங்கள் கட்டும் வரி போகவும் ஆண்டுக்கு ஐந்தரை லட்சத்துக்குக் குறையாமல் கொடுக்கலாம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கொடுத்துத் தீர்ப்பதா, மூலதனத்தைக் காத்து வட்டியில் என்றென்றும் நடத்துவதா என்பது உலகின் பெரிய அறக்கட்டளைகளிலும் நடக்கும் விவாதம்தான். அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி சுமார் 800 கோடி டாலரை வாழ்நாளிலேயே கொடுத்துத் தீர்த்து, 2020-இல் தம் அறக்கட்டளையை மூடினார். கேட்ஸ் அறக்கட்டளையும் 2045-இல் மூடப்படும் என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள். மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே பணம் ஒரு நிறுவனமாக மாறியது. உங்களுடையது கட்டண உதவி. இன்று கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு இன்று வேண்டிய பணம் அது.

என்றென்றைக்கும் என்று எழுதி வைப்பதில் இன்னோர் அபாயம், எழுதியவர் போன பிறகு வருகிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் அறப்பணிகளுக்குச் சொத்தை எழுதி வைத்துவிட்டு மறைந்தார். பணம் பொறுப்பாளர்களிடம் சிக்கி, வழக்காகி, நீதிமன்றம் தலையிட்ட பிறகே நிலைமை சீரானது. அவர் பெயரில் பள்ளி திறக்கப்பட்டது 1842-இல். அதற்குள் ஏறக்குறைய இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து முடித்திருப்பார்கள். நீங்கள் மூவரும் இன்று ஒற்றுமையாக இருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் பிள்ளைகள் ஆறேழு பேர் அறங்காவலர்களாக உட்காரும் நாளில் கூட்டம் கூட்டுவதே பெரும்பாடாக இருக்கும்.

எதற்குக் கொடுப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. எல்லோரும் கல்விக் கட்டணத்துக்கே கொடுக்க விரும்புகிறார்கள். ரசீதில் அழகாகத் தெரியும். ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தைத்தான் குறைக்கிறது. விடுதி வாடகை, மெஸ் பில், பஸ் செலவு, தேர்வுக் கட்டணம் வீட்டின் தலையில்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் மெஸ் பில்லுக்கே போதாது. இரண்டு மாத மெஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட் கையில் வராமல் தவிக்கும் பிள்ளைக்கு, அந்த வாரத்தில் கிடைக்கும் 8,000 ரூபாய் ஒரு படிப்பைக் காப்பாற்றும். எனவே உங்கள் பணத்தில் பெரும்பகுதியை இந்தச் செலவுகளுக்கு வையுங்கள். நீங்கள் நம்பும் ஒரு தலைமை ஆசிரியரும் அருகிலுள்ள அரசுக் கல்லூரி முதல்வரும் பெயர்களைப் பரிந்துரைக்கட்டும்; முடிவை மூவரும் சேர்ந்து எடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அப்பா படித்த அரசுப் பள்ளிக்கும் ஏதாவது செய்ய நினைத்தால், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக அந்தப் பள்ளியையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அப்பா பெயரில் கல்வி உதவித்தொகை என்று அறிவிக்கப் பத்திரப் பதிவு எதுவும் தேவையில்லை.

மூன்று ஆண்டுகள் இப்படிக் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் ஊரார் சிலரும் பணம் போட முன்வந்து, பொதுக் கணக்கு ஒன்று அவசியமானால், அப்போது சார்பதிவாளர் அலுவலகம் போகலாம். அன்று பத்திரத்தில் குடும்பத்துக்கு வெளியே இருவரை அறங்காவலர்களாகச் சேருங்கள். எந்த ஆண்டுக்குள் பணத்தைக் கொடுத்து முடிப்பது என்பதையும் எழுதுங்கள். கலைக்கும்போது மீதி இதே நோக்கமுள்ள வேறொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும், குடும்பத்துக்குத் திரும்பாது. இதற்கு மூவரும் மனதாரச் சம்மதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.