ஒரு சின்னத்தைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்
பலன் சொல்லும் படச்சீட்டான டாரோவில் 78 சீட்டுக்கும் பொருள் மனப்பாடம், ஆனால் படத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் பினாங்குதான், ஜார்ஜ் டவுன் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை டாரோ சீட்டைப் பரப்பி வைத்து முழித்த ஆள். சீட்டு சீட்டாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு சின்னத்தைச் சீட்டுக்கட்டு முழுக்கத் தேடுங்கள். 1909-இல் வந்த ரைடர் என்ற டாரோ கட்டில், ‘பெண் பூசாரி’ சீட்டில் அவளுக்குப் பின்னால் தொங்கும் திரையில் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் மாதுளை வரைந்திருக்கிறார், அடுத்த சீட்டான பேரரசியின் உடையிலும் அதே மாதுளை. எனக்கு இது, முதலில் திரையில் மூடிக் கிடந்தது அடுத்ததில் வெளியே வந்து பழுத்த மாதிரி. அப்புறம் மார்செய் என்ற பழைய பிரெஞ்சு டாரோ கட்டையும் பக்கத்தில் வையுங்கள். அதில் 8-ஆம் சீட்டு நீதி, 11-ஆம் சீட்டு வலிமை, ரைடர் கட்டில் 8 வலிமை, 11 நீதி என்று இடம் மாறியிருக்கும். எண்ணை மட்டும் நம்பிப் பலன் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.