மறு: மகளை ஈஎஸ்எல் வகுப்பில் போட்டுவிட்டார்கள், விலக்கிவிடலாமா?

அமெரிக்கா வந்த நாலே மாதத்தில் இரண்டாம் வகுப்பு மகளை ஈஎஸ்எல்லில் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) சேர்த்துவிட்டார்கள், மந்தமான பிள்ளை என்று முத்திரை விழுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இது சிறப்புக் கல்வி இல்லை. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருப்பீர்கள், அதனால் ஆங்கிலத் தேர்வு வைத்து இதில் சேர்த்திருப்பார்கள். (எழுதியது சரிதான். ஆங்கிலம் என்று மாற்றச் சொல்லும் நண்பர்களை விட்டுத்தள்ளுங்கள்.)

வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் வருடாந்தர ஆங்கிலத் தேர்வு நிற்காது. போவது உதவி மட்டும்தான். நானாக இருந்தால் விலக்கமாட்டேன். "நன்றாகத்தானே பேசுகிறாள்" என்கிறீர்கள். விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 வருடம்கூட ஆகலாம் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் எப்போதோ சொல்லிவிட்டார். கூட்டல் கழித்தலில் புலியாக இருக்கும் பிள்ளை, அதையே நாலு வரிக் கேள்வியாகக் கேட்டால் முழிப்பது இதனால்தான்.

நீங்கள் பள்ளியில் கேட்க வேண்டியது வேறு. எந்தப் பாட நேரத்தில் அவளை ஈஎஸ்எல்லுக்காக வெளியே கூட்டிப்போகிறார்கள்? அறிவியல் வகுப்பு என்றால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஈஎஸ்எல் ஆசிரியர் வகுப்புக்கே வர முடியுமா என்று கேளுங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் எங்கே இடிக்கிறது என்று ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை வாங்கிப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பள்ளிதான் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

அப்புறம், ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.