மழைக்கு முன் குஞ்சுக் கூட்டைப் பாருங்கள்

ஐப்பசி மழை இறங்கினால் வளைக்குள் தண்ணீர் புகும். உள்ளே கிடக்கும் பாம்பும் எலியும் மேட்டைத் தேடி நம் கொல்லைக்கு வரும். காரைக்குடி வட்டாரத்தில் வீட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் கேட்டவற்றுக்கு, 20 வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறவளாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோட்டையூரிலிருந்து: அக்கா, 12 குஞ்சு பொரித்தது. ஐந்து நாளில் நாலைக் காணோம். ரத்தம், இறகு எதுவும் இல்லை. பாம்புதானா?

ராத்திரியில் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் பாம்புதான். பகலில் என்றால் முதலில் பருந்தையும் காக்கையையும் கவனியுங்கள். பாம்பு கடித்துக் குதறாது, முழுசாக விழுங்கும். அதனால்தான் தடயமே இருக்காது. கீரி வந்திருந்தால் கழுத்தில் கடியும் ரத்தமும் இருக்கும். பெருச்சாளி காலைக் கடித்து வளைக்குள் இழுக்கும். கூட்டுக்குள் புது மண் கிளறியிருக்கிறதா பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. செத்துக் கிடக்கும் குஞ்சின் தலையிலும் தோளிலும் இறகு நனைந்து ஒட்டியிருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டது என்று அர்த்தம்.

ஒரு தடவை இரை கிடைத்த இடத்துக்குப் பாம்பு திரும்ப வரும். கூட்டைச் சரி செய்யும்வரை மீதி எட்டையும் தாயையும் இன்று ராத்திரியே வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள்.

புதுவயலிலிருந்து: பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) போட்டு மேலே கல் வைக்கிறோம். போதாதா?

பகலுக்குப் போதும். ராத்திரிக்குப் போதவே போதாது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு கார்த்திகை மாதம், விடியற்காலையில் குஞ்சுகள் விடாமல் கத்துகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தாய்க்கோழி ஒரு இறக்கையை விரித்தபடியே செத்துக் கிடந்தது. அந்த இறக்கைக்கு அடியில் ஆறு குஞ்சு, இன்னும் சூடு தேடி ஒண்டிக்கொண்டிருந்தன. நல்லபாம்பு வந்திருக்கிறது, தாய் எதிர்த்திருக்கிறது, கடி வாங்கியிருக்கிறது. பஞ்சாரத்தின் பின்னலில் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. அன்றோடு ராத்திரிப் பஞ்சாரத்தை விட்டேன்.

இரண்டு விரல் போகிற இடத்தில் குஞ்சு தின்னும் பாம்பு போகும். என் கணக்கு, சுண்டு விரலே நுழையக் கூடாது. ராத்திரிக் கூட்டைச் சுற்றி அடிக்கக் கம்பி வலை வேண்டும், கடையில் அரை இஞ்சு வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை வெளியே விடாமல் வைக்கத்தான், பாம்பைத் தடுக்க ஆகாது. கீழ் ஒரு அடிக்குக் கால் இஞ்சுக் கண் கிடைத்தால் இன்னும் நல்லது.

வலையைச் சட்டத்தில் சும்மா சுருட்டிக் கட்டாமல், பட்டை வைத்துத் திருகாணி முடுக்குங்கள். பாம்பு தானாக மண்ணைத் தோண்டாது. எலி போட்ட வளை வழியாகத்தான் வரும். அதனால் எலியைத் தடுக்க வேண்டும். தரை சிமெண்ட் என்றால் கவலை இல்லை. செம்மண் தரை என்றால் வலையை வெளிப்பக்கமாக மடக்கி ஒரு அடி அகலத்துக்குப் படுக்க வைத்து மண் மூடுங்கள். நம் பக்கத்துச் செம்புராங்கல் தரையில் பள்ளம் தோண்டிப் புதைப்பதைவிட இது சுலபம்.

கதவைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நான் அடிச் சட்டத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடித்திருக்கிறேன். தண்ணீர் வெளியேறும் தூம்புக்கும் வலை வேண்டும். ராத்திரி கூட்டுக்குள் ஒருவர் டார்ச் அடிக்க, வெளியே இருந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடம் எல்லாம் வழிதான்.

நைலான் வலை மட்டும் வேண்டாம். பாம்பு சிக்கி அறுபட்டு நாள்கணக்கில் துடிக்கும், அதை எடுக்கப் போகிறவருக்கும் ஆபத்து.

தேவகோட்டையிலிருந்து: நாலு கால் வைத்து உயரத்தில் கூடு கட்டினால்?

சாரையும் நல்லபாம்பும் ஏறும். ஈரம் தங்காது, எலி குறையும் என்பதற்காக உயரம் நல்லதுதான், ஆனால் வலைக்கு அது பதில் ஆகாது. மேலே சாயும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: பூண்டு, பாச்சை உருண்டை, சிறியாநங்கைச் செடி, கார்பாலிக் ஆசிட் எல்லாம் சொல்கிறார்கள். எது நல்லது?

எதையும் நம்பிப் படுக்காதீர்கள். சிறியாநங்கைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாரை போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிட் குஞ்சின் காலையும் மூச்சையும் புண்ணாக்கும், பாச்சை உருண்டையைக் குஞ்சு கொத்திவிட்டால் விஷம். அந்தக் காசுக்கு இன்னொரு மீட்டர் வலை வாங்குங்கள்.

கண்டனூரிலிருந்து: பக்கத்துப் பெரிய வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டு முழுக்கச் செடி. என்ன செய்வது, ஆச்சி பயப்படுகிறார்கள்.

நம் ஊர்களில் பாதித் தெருவின் கதை இது. கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் கதவு திறக்கும். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மழைக்கு முன் ஒரு தடவை வெட்டிவிடச் சொல்லுங்கள், நாமே ஆள் வைத்துத் தருகிறோம் என்றால் பலர் சரி என்பார்கள். அதற்குள் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். விறகு, பழைய ஓடு, தென்னமட்டைக் குவியல் கூட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். சிந்திய குருணையைச் சாயங்காலமே கூட்டி எடுங்கள், தீவனத்தை மூடி உள்ள தகர டின்னில் வையுங்கள். குருணை எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். ஆச்சியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இருட்டில் அடைக்கூடைக்குள் கையை விட்டு முட்டை எடுக்க வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து: காலையில் கூட்டுக்குள்ளேயே பாம்பு கிடந்தது. வயிறு வீங்கியிருந்தது. அடித்துவிட்டார்கள். சரியா?

அது ஒல்லியாக உள்ளே வந்திருக்கும். குஞ்சு வயிற்றில் இருப்பதால் வந்த ஓட்டை வழியாகத் திரும்ப முடியவில்லை. நானும் ஒரு தடவை ஒரு இஞ்சு வலைக் கண்ணில் பாதி உடம்போடு மாட்டிக் கிடந்த சாரையைப் பார்த்தேன். உதட்டில் கறுப்புக் கோடுகள், பெரிய கண், மூச்சு மட்டும் வேகமாக. அதற்கு விஷம் இல்லை. ஆனால் படம் எடுக்காததாலேயே சாரை என்று முடிவு செய்யாதீர்கள், பயந்தால்தான் நல்லபாம்பு படம் எடுக்கும். அடித்தாலும் விழுங்கிய குஞ்சு பிழைக்காது. 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட. தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். இத்தனைக்கும் நம் வயலில் எலியைத் தின்பதும் அந்தச் சாரைதான்.

புதுவயலிலிருந்து மறுபடி: கின்னிக்கோழி வாங்கலாமா?

பகலில் பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும். ராத்திரி அதுவும் தூங்கும்.

தேவகோட்டையிலிருந்து: நம்மையே கடித்துவிட்டால்?

கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கையோ காலோ அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடி சில சமயம் வலிக்கவே வலிக்காது. வலி இல்லையே என்று படுத்துவிடாதீர்கள். வயிற்றுவலி வரும், இமை தொங்கும், அப்புறம் மூச்சு போகும்.

கோட்டையூரிலிருந்து: இந்தக் காவல் எத்தனை மாதத்துக்கு?

மூன்று மாதம் வரைக்கும் கண்டிப்பாக. அதற்கு மேல் முழுசாக விழுங்குவது நம் ஊர்ப் பாம்புக்குக் கஷ்டம், ஆனால் நல்லபாம்பு கடித்தால் பெரிய கோழியும் சாகும் என்று சொன்னேனே. அதனால் வளர்ந்ததும் அதே கூட்டில்தான் படுக்க வைக்கிறேன். நீங்கள் முதலில் அந்த எட்டை வீட்டுக்குள் எடுங்கள். அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்தால் போதும், மூடி மேல் ஒரு பலகை, மூச்சுக்குச் சின்னச் சின்ன ஓட்டை.