பால்கனி ஸ்லைடிங் கதவுக்குத் திரையா, பிளைண்ட்ஸா?

கேள்வி: பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறோம். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே 8 அடி அகலம், 7 அடி உயரத்தில் கண்ணாடி ஸ்லைடிங் கதவு, மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியவில்லை. பிளாக்அவுட் திரை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வெளிச்சம் நிற்கும், சூடு அவ்வளவாக நிற்காது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கும், திரை ஹாலைச் சூடாக்கும். மாலை நான்கு மணிக்குக் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தால் புரியும். அதனால் முதல் செலவைப் பால்கனியின் வெளி விளிம்பில் செய்யுங்கள். கயிறு இழுத்தால் சுருளும் மூங்கில் தட்டியே போதும். எட்டாவது மாடிக் காற்றுக்கு அதன் கீழ் மூலைகள் இரண்டையும் கிரில்லோடு கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் சுவரில் அடித்து அடித்துக் குச்சிகள் உடைந்து, நூல் பிரிந்துவிடும். வெளித்தோற்றம் மாறுவதைப் பல குடியிருப்புச் சங்கங்கள் அனுமதிப்பதில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கம் மறுத்தால் உள்ளேதான் வழி. அப்போது திரையின் பின்பக்கம், அதாவது கண்ணாடியைப் பார்க்கும் பக்கம், வெள்ளையாக இருக்கட்டும். அடர்நிறம் வெயிலைக் குடித்துக்கொள்ளும்; வெள்ளை அதில் ஒரு பங்கையாவது கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். பின்னால் ரப்பர் பூச்சு பூசிய துணியை மேற்கு வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன். நாளாக நாளாகப் பூச்சு வெடித்து உதிரும், மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். நெசவிலேயே கருப்பு நூல் வைத்து நெய்த பிளாக்அவுட் துணியில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: அதே அளவுக் கதவுக்குத் துணி எடுத்துத் தைக்கலாமா, ரெடிமேட் வாங்கலாமா? எத்தனை மீட்டர் வேண்டும்?

கதவை அளப்பதைவிட ராடு வரும் இடத்தை அளப்பது முக்கியம். கதவின் இரு பக்கமும் 10 அங்குலம் ராடு நீண்டிருக்கட்டும். அப்போதுதான் ஒதுக்கிய திரையில் பெரும்பகுதி சுவர்மேல் போய் நிற்கும், நடக்கும் வழியை அடைக்காது. 96 அங்குலத்தோடு 20 சேர்த்தால் 116. மடிப்பு நன்றாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், 232 அங்குலம். பன்னா, அதாவது துணியின் அகலம், 48 அங்குலம் என்றால் ஐந்து துண்டு, பக்கத்துக்கு இரண்டரை.

ராடு கதவுக்கு மேல் 6 அங்குலத்தில் இருந்தால் தரைவரை 90 அங்குலம். மேல் மடிப்பு, கீழ் மடிப்புக்கு 12 சேர்த்து ஒரு துண்டு 102 அங்குலம், கிட்டத்தட்ட 2.6 மீட்டர். ஐந்துக்கு 13 மீட்டர். பருத்தி என்றால் 14 எடுத்து, நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். தைத்தபின் துவைத்துச் சுருங்கினால், திரை தரையிலிருந்து நாலு விரல் ஏறி நிற்கும். திரையின் மேல் ஓரத்தில் ராடு நுழையும் ஐலெட் வளையங்கள் ஒவ்வொரு பக்கமும் இரட்டைப்படையில் இருக்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மறு ஓரம் ஹாலைப் பார்த்துத் துருத்தும்.

ரெடிமேடில் 7 அடி, 9 அடி என்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். 7 அடி உங்களுக்குக் குட்டை. 9 அடி வாங்கிக் கீழே மடித்துத் தைக்க வேண்டும். 4 அடி அகலத் திரை நான்கு போட்டால் மடிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் சமாளிக்கலாம்.

ராடு 25 மி.மீ. தடிமனுக்குக் குறைய வேண்டாம். நடுவிலும் ஒரு பிராக்கெட் கட்டாயம். ஐலெட் திரை அந்த நடு பிராக்கெட்டைத் தாண்டாது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ள விரும்பினால் ராடு உதவாது, திரை கொக்கிகளில் தொங்கி ஓடும் டிராக்தான் வேண்டும்.

கேள்வி: வெர்டிகல் பிளைண்ட்ஸ் போட்டு ஒரு வருடத்துக்குள் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. தரம் சரியில்லையா?

பெரும்பாலும் இழுக்கும் முறைதான் காரணம். பட்டைகள் மூடியிருக்கும்போதே ஒதுக்கினால் ஒன்றோடொன்று மாட்டி, தொங்கும் துளை கிழியும். முதலில் சங்கிலியைச் சுற்றிப் பட்டைகளைக் கண்ணாடிக்கு நேர்க்குத்தாகத் திருப்புங்கள். பிறகு கயிற்றை இழுங்கள். கிழிந்த துளைக்கு மேல் ஒட்ட, துளையோடு கூடிய பிளாஸ்டிக் ஒட்டுத்துண்டு பிளைண்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். பட்டையை மாற்ற வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும் நேரத்தில் பிளைண்ட்ஸை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். கீழே பட்டைகளை இணைக்கும் மணிச்சங்கிலி அறுவது அந்தக் காற்றில்தான்.

கேள்வி: ரோலர் பிளைண்ட்ஸ் எப்படி? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

8 அடிக்கு ஒரே ரோலர் வேண்டாம், நடுவில் தொய்ந்து துணி கோணலாகச் சுருளும். இரண்டு கதவுக்கும் தனித்தனியாகப் போட்டால், போகவர ஒன்றை மட்டும் ஏற்றினால் போதும். கதவின் கைப்பிடியும் கொசுவலைக் கதவும் இடிக்காதபடி எவ்வளவு தள்ளி மாட்டுவார்கள் என்று கேளுங்கள். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வதால், கதவின் அளவா, துணியின் அளவா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ரோலருக்கு வரும், நுண்துளைகள் உள்ள சன்ஸ்கிரீன் துணியில் 3, 5, 10 சதவீதம் என்று சொல்வது துளைகளின் பங்கு. மேற்கு வெயிலுக்கு 3 நல்லது. பகலில் வெளியே தெரியும். இரவில் விளக்கு போட்டால் எதிர் பிளாக்குக்கு உங்கள் ஹால் தெரியும், அதற்குப் பின்னால் ஒரு திரை தேவைப்படும்.

குழந்தை இருப்பதால் சங்கிலி இல்லாத, ஸ்பிரிங் வகையைக் கேளுங்கள். வளையமாகத் தொங்கும் சங்கிலி கழுத்தில் மாட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே சங்கிலி இருந்தால், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைச் சுவரில் திருகி, கட்டிலையும் சோஃபாவையும் அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.