சியோலில் வாங்கும் கிரீம் சென்னைக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஜனவரியில் சியோல் போகிறேன். எனக்கு எண்ணெய்ச் சருமம். பரு ஆறிய இடங்களில் கருமை இருக்கிறது. கொரியர்களின் பத்துப் படி சருமப் பராமரிப்பைத் தொடங்க ஆசை. அங்கே என்னென்ன வாங்கலாம்? – வாசகி, சென்னை.

பதில்: ஜனவரியில் சியோல் உறையும் குளிரில் இருக்கும், காற்றும் வறண்டுபோயிருக்கும். அங்குள்ள மியோங்டாங் கடைவீதியில், தடவிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரைப் பூசிப் பார்த்தால் கெட்டியான கிரீம்தான் சுகமாகத் தெரியும். அதையே சென்னைப் புழுக்கத்தில் பூசினால் மதியத்துக்குள் முகம் பிசுபிசுக்கும், பருவும் கூடலாம். நம் ஊர் வெயிலை நினைத்து வாங்குங்கள்.

பத்துப் படியும் கட்டாயமில்லை, கொரியர்களிலேயே பலர் அத்தனையும் பூசுவதில்லை. மென்மையான ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், கருமைக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) சீரம், பகலில் சன்ஸ்கிரீன். உங்களுக்கு இவை போதும்.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது சன்ஸ்கிரீனுக்குத்தான். வெயில் பட்டால் பருத் தழும்பின் கருமை இன்னும் அழுத்தமாகும். சீரம் எவ்வளவு நல்லதானாலும் பலன் தெரியாது. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் குறியீடுகளில் எஸ்பிஎஃப் 50+, பிஏ++++ என்று இருப்பதை எடுங்கள். கையில் தடவி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அது வேண்டாம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு தேவை. அப்படிப் பூசினால் 50 மில்லி ட்யூப் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம்தான் வரும். ஆகவே இரண்டு மூன்றாக வாங்குவதில் தவறில்லை, காலாவதித் தேதியை மட்டும் பார்த்துவிடுங்கள்.

குஷன் ஃபவுண்டேஷனை (பஞ்சில் ஊறிய திரவ மேக்கப்பை) நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அதிகம் கிடைக்கும் 21, 23 எண் நிறங்கள் நம்மில் பெரும்பாலோருக்கு வெளுப்பாகிவிடும். சைவம் பார்ப்பவர் என்றால் நத்தைச் சாறு கலந்த சீரத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆலிவ் யங் போன்ற அழகுசாதனக் கடைகளுக்கு அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரிச்சலுகை தரும் கடைகளில் ஒரே பில் 15,000 வோன் (கொரிய நாணயம்) தொட்டாலே சலுகை உண்டு. பல இடங்களில் பில் போடும்போதே வரியைக் கழித்துவிடுவார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட டோனர் பாட்டில், பாதி காலியாக இருந்தாலும், கைப்பையில் வராது. செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

வாங்கியதையெல்லாம் ஹோட்டலிலேயே பிரித்துப் பூசிவிடாதீர்கள். ஊருக்கு வந்தபின் வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்குங்கள். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிபடும். பரு கட்டிகட்டியாக வலியோடு வந்தால் கடைச் சீரத்தை நம்ப வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.