மிலான் பெயருக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

தூத்துக்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் சிவில் கடைசி வருடம். இத்தாலியில் மிலான் போய் மேனேஜ்மென்ட் படித்தால்தான் மரியாதை என்கிறார் உங்கள் கொழுந்தனார். பையனோ அதே நாட்டின் ஜெனோவா போகிறேன் என்கிறான். “வெறும் துறைமுக ஊராமே, அங்கே என்ன படிப்பு இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் கொழுந்தனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. சர்வே கேம்ப் போய்வந்ததிலிருந்து பையன் கடல் வரைபடங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனை மார்க்கெட்டிங் வகுப்பில் உட்காரவைத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

ஜெனோவா சின்ன ஊரும் இல்லை. லிகூரியா மண்டலத்தின் தலைநகர். சுமார் 5,60,000 பேர் வாழும், இத்தாலியின் ஆறாவது பெரிய நகரம். பின்னால் அப்பென்னைன் மலை, முன்னால் கடல். நடுவில் இடமே இல்லாததால் ஊர் கரையோரமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. மிச்சம் பொல்செவேரா, பிசாஞ்ஞோ என்ற இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் ஏறியிருக்கிறது. 1926இல் அக்கம்பக்கத்து 19 ஊர்களைச் சேர்த்துதான் இன்றைய மாநகராட்சி உருவானது. இப்போது 9 வட்டங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறார்கள். மேட்டுத் தெருக்களுக்குப் போகப் பொது லிஃப்ட் உண்டு, மலையேறும் கயிற்று ரயிலும் உண்டு. பஸ் விடும் நிறுவனமே இவற்றையும் நடத்துகிறது.

சிவில் பையனுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. 2018 ஆகஸ்டில் பொல்செவேரா மேல் இருந்த மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். இரண்டே ஆண்டில் அதே இடத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். துறைமுகத்துக்கு வெளியே சுமார் 50 மீட்டர் ஆழம்வரை கல் போட்டுப் புது அலைத்தடுப்பு கட்டிவருகிறார்கள். கடலடியை அளக்காமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

கடலடியை அளக்கும் அந்த வேலையைக் கற்றுத்தருவதுதான் நான் சொல்லவந்த படிப்பு. ஜெனோவா பல்கலைக்கழகத்தில் ஹைட்ரோகிராஃபி (கடலடியை அளந்து வரைபடமாக்குவது), ஓஷனோகிராஃபி (கடலைப் பற்றிய அறிவியல்) சேர்ந்த முதுகலை இருக்கிறது, ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். இத்தாலியின் அதிகாரபூர்வக் கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் கடற்படை நிறுவனம் 1872 முதல் இதே ஊரில்தான் இருக்கிறது. கப்பலின் அடியிலிருந்து சோனார் ஒலியை விசிறிபோல் பரப்புவார்கள். அது கடல் தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடுவார்கள். கேட்க எளிது. ஆனால் தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகம் மாறும். அதையும் அவ்வப்போது அளக்க வேண்டும். கப்பலின் ஆட்டத்தையும் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தையும் கழிக்க வேண்டும். லெவலிங் (நிலத்தின் உயர வித்தியாசத்தை அளப்பது) படித்த பையனுக்கு இதன் அடிப்படை பிடிபடும். துறைமுகம், தூர்வாரல், கடலடி கேபிள், கடல் காற்றாலை எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் தேவை. வாரக்கணக்கில் கப்பலில் இருக்க வேண்டிவரும். அது அவனுக்குச் சம்மதமா என்று அவனிடம் கேளுங்கள், கொழுந்தனாரிடம் வேண்டாம்.

இனி பணம். மிலான் தனியார் கல்லூரிக்காக வீட்டுப் பத்திரத்தை பேங்கில் அடகு வைக்கும் யோசனையை இன்றே விடுங்கள். இத்தாலியில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானச் சான்றுகளை முறைப்படி மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். மண்டல அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி விமானம் ஏறக் கூடாது. கிடைத்தாலும் அவன் போய்ச் சேர்ந்த மாதமே கைக்கு வராது. முதல் வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் கையில் இல்லையென்றால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீடு பார்க்கும்போது பிசாஞ்ஞோ ஓரத்தில் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். 2011, 2014 வெள்ளங்கள் அந்தப் பக்கத்தைத்தான் அடித்தன. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வீட்டுக்காரரிடம் இத்தாலியன்தான் செல்லும், இப்போதே கற்கத் தொடங்கட்டும். போய் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், இந்த வாரமே பல்கலைக்கழகத்துக்கு அவன் கையாலேயே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள்: தன் சிவில் பட்டத்தில் உள்ள கணிதம், இயற்பியல் பாடங்கள் சேர்க்கைக்குப் போதுமா? இந்தப் படிப்புக்கு சர்வதேச ‘கேட்டகரி ஏ’ அங்கீகாரம் (கடல் அளவைப் படிப்புகளுக்கான மேல்நிலைத் தகுதி) அவன் பேட்ச்சுக்குக் கிடைக்குமா? பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.